ஒரு வகுப்பறை, இரண்டு ஆசிரியர்: எந்தப் பங்கீடு நிலைக்கிறது?

ஒரே வகுப்பறையில் இருவர் கற்பிப்பதற்கான வழிகளை அமெரிக்கக் கல்வியாளர்களான லின் குக், மெரிலின் ஃபிரெண்ட் ஆகியோர் 1995-இல் ஐந்தாக வகுத்துக் காட்டினர். அவற்றுள் இருவரும் சேர்ந்து பேசி நடத்தும் முறையில் தொடங்கிய நானும் உடன் கற்பித்த ஆசிரியையும், முதல் பருவத்தின் முடிவில் அதைக் கைவிட்டு, மாணவர் குழுக்கள் இடம் மாறிச் செல்லும் சுழல் முறைக்கு வந்தோம். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

ஒருவர் நடத்த மற்றவர் உதவும் முறைக்கு முன்னேற்பாடு அதிகம் தேவையில்லை. ஆனால் உதவுபவர் விரைவிலேயே நோட்டுத் திருத்துபவராகச் சுருங்கிவிடுவார். வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரே பாடத்தை நடத்த இருவருக்கும் அதில் சமமான பிடிப்பு வேண்டும். பின்தங்கியோரைத் தனியே அழைத்துக் கற்பிக்கலாம் என்றாலும், நாள்தோறும் அதே நால்வர் எழுந்து சென்றால் அவர்கள்மேல் முத்திரை விழுந்துவிடும்.

எஞ்சிய இரண்டில் எதைத் தேர்வது என்பதைத் தீர்மானிப்பது திட்டமிடக் கிடைக்கும் நேரமே. சேர்ந்து நடத்துவதானால் எந்த எடுத்துக்காட்டை யார் சொல்வது, எங்கே மற்றவர் குறுக்கிடுவது என்பது வரை முன்பே பேசியிருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே ஓய்வுப் பாடவேளை அமையாத எங்கள் அட்டவணையில் அது, "நீங்கள் ஆரம்பியுங்கள், நான் சேர்ந்துகொள்கிறேன்" என்ற அளவில் வந்து நின்றது. சுழல் முறையிலோ அவரவர் பகுதியை அவரவர் வீட்டிலேயே ஆயத்தம் செய்யலாம். பகுதிகளைப் பிரிப்பதை மட்டும் பேசினால் போதும். 36 மாணவர்களை மூன்று குழுக்களாக்கி, 40 நிமிடப் பாடவேளையில் குழுவுக்கு 12 நிமிடம் வீதம் சுழற்றினால், இடம் மாறுவதற்கு நான்கு நிமிடம் மிஞ்சும். மூன்றாம் இடத்தில் ஆசிரியர் இல்லாததால், அங்குள்ள பயிற்சித்தாள் கேள்வி கேட்காமலே புரிய வேண்டும். இல்லையெனில் அந்தக் குழு முழுவதும் நம் முன்னால் வரிசையில் நிற்கும்.

பாடத்தின் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கவும் கூடாது. நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றை எந்த வரிசையிலும் கற்கலாம். நீள்வகுத்தலை அப்படி வெட்ட முடியாது.

என் அனுபவம் பெரும்பாலும் கணக்குப் பாடத்தோடு முடிகிறது. மொழிப் பாடத்தில் இருமுறைதான் முயன்றேன். இரண்டு முறையும் ஒரு குழு கவிதையின் கடைசிப் பகுதியை முதலில் படிக்க நேர்ந்தது.