நடக்காத இரண்டு ஆட்சிகள்: கார்னரா, வாலஸா?

ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் துணை அதிபர்களில் இருவர் மயிரிழையில் அமெரிக்க அதிபராகாமல் போனவர்கள்: ஜான் நான்ஸ் கார்னர், ஹென்றி வாலஸ். அதிபராகியிருந்தால் என்ற கற்பனையில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வாலஸைத்தான் எடுக்கிறார்கள். என் ஓட்டு கார்னருக்கு.

வாலஸ் ஏன் இழுக்கிறார் என்பது புரிகிறது. 1944 ஜூலை 20 இரவு, சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. அரங்கமே வாலஸ் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அன்றிரவே அவர் பெயரைத் துணை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்துவிட வேண்டும் என்று செனட்டர் கிளாட் பெப்பர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் போகிறார். அவர் போய்ச் சேர்வதற்குள் மாநாடு ஒத்திவைக்கப்பட்டுவிடுகிறது. மறுநாள் முதல் சுற்றில் வாலஸ்தான் முன்னிலை: 429.5 ஓட்டு. போட்டியாளர் ஹாரி ட்ரூமனுக்கு 319.5. இரண்டாவது சுற்றில் எல்லாம் தலைகீழ். அடுத்த ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தார், ட்ரூமன் அதிபரானார்.

சரி, அதற்கப்புறம்? வாலஸ் அதிபராகியிருந்தால் ஹிரோஷிமா இல்லை, பனிப்போர் இல்லை என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். ஆனால் அணுகுண்டுத் திட்டத்தை ஆரம்பத்தில் மேற்பார்த்த சின்னக் குழுவில் வாலஸும் இருந்தார். 1944இல் சோவியத்தின் கொலிமா பகுதிக்குப் போய், கைதிகளின் முகாம்கள் நிறைந்த இடத்தைப் பாராட்டிவிட்டு வந்தார். 1950இல் கொரியப் போரை ஆதரித்தார், 1952இல் சோவியத் பற்றிய தன் பழைய கணிப்பு தவறு என்று தானே எழுதினார். இதையெல்லாம் மறைத்துவிட்டு எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, துதிப்பாட்டு.

கார்னர் கதை ஆட்டம் காணும் ஒரு நாற்காலியில் தொடங்குகிறது. 1933 பிப்ரவரி 15, மயாமி பேஃப்ரன்ட் பூங்கா. ஜூசெப்பே ஸங்காரா ஐந்தடிதான் உயரம். தலைகளுக்கு மேலே தெரிய வேண்டுமென்று நாற்காலியில் ஏறி நின்று ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்துச் சுட்டான். ஐந்து பேர்மேல் குண்டு பாய்ந்தது. சிகாகோ மேயர் செர்மாக் பின்னர் இறந்தார். ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பதவியேற்புக்கு இன்னும் 17 நாள். மூன்று வாரம் முன்புதான் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் நிறைவேறியிருந்தது. அதன்படி, தேர்வான அதிபர் இறந்தால் கார்னரே அதிபர்.

டெக்சஸ்காரர், பழமைவாதி. வரவு செலவைச் சரிக்கட்ட 1932இல் விற்பனை வரி கேட்டவர். அதனால் இவரை, ரூஸ்வெல்ட்டுக்கு முந்தைய பழமைவாத அதிபரான ஹூவரின் இன்னொரு நகலாக எழுதிவிடத் தோன்றும். அங்கேதான் மனிதர் நழுவுகிறார். வங்கிகள் வரிசையாக மூடி, பாஸ்புக்கோடு ஜனம் தெருவில் நின்ற அந்த நாட்களில், சேமிப்புக்கு அரசு காப்பீடு வேண்டும் என்று வற்புறுத்தியவர் கார்னர், தயங்கியவர் ரூஸ்வெல்ட். ஆக, கார்னர் ஆட்சியில் அந்தப் பாஸ்புக்குக்காரர் தப்பித்திருக்கலாம். வேலை போனவருக்கு அரசு வேலை கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். ஒரே ஆட்சிக்குள் இந்த இரண்டு பேரையும் வைத்து எழுத முடியும் என்பதாலேயே எனக்குக் கார்னர் வேண்டும்.

கடைசி அத்தியாயமும் நிஜத்திலேயே தயாராக இருக்கிறது. கார்னர் டெக்சஸின் யுவால்டியில் நெடுநாள் வாழ்ந்தார். அவருடைய 95ஆவது பிறந்தநாள் 1963 நவம்பர் 22. அன்று காலை ஃபோர்ட் வொர்த்திலிருந்து அதிபர் கென்னடி தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொன்னார். பிறகு, அன்றே தான் சுட்டுக் கொல்லப்படவிருந்த டல்லாஸுக்குக் கிளம்பினார்.