ஆறு வருசம், ஒரு ஊர்நாய், ஒரு கொப்பி: மட்டக்களப்புக் கல்லடில இரிந்து ஒரு செலவுக் கணக்கு

எங்கட நாய் பிறவுனிய 2019 மாரிக்குள்ள ஒரு பூட்டிக் கிடந்த கடைப்படிக்குக் கீழ இரிந்து தூக்கிட்டு வந்தன், அண்டைக்கே அம்மா "மனே, சோறு நான் போடுவன், டொக்டர்ட சல்லி உன்ட பாடு" எண்டு சொல்லிட்டா. அதால முடிஞ்ச ஒவ்வொரு சதத்தையும் ஒரு சீஆர் கொப்பில எழுதிட்டு வாறன். இப்ப திருப்பிப் பாத்தா, ஊசிக்குக் குடுத்த சல்லிய விட உண்ணி மருந்த நிப்பாட்டினதுக்குக் குடுத்த சல்லிதான் கூட.

குட்டில 6 கிழமைக்குப் பிறகு தொடங்கி 16 கிழமை வரைக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் எண்ட ரெண்டு வைரஸ் நோய்க்கும் ஊசி மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா போடணும், அதில கை வைக்காதீங்க. வளந்த பிறகு நான் டொக்டர்ட்ட நேராவே கேட்டன், எல்லாத்தையும் வருசா வருசம் போடணுமா எண்டு. பார்வோ, டிஸ்டெம்பர் ஒழுங்காப் போட்டு முடிச்ச நாய்க்கு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா போதும், ஆனா எலிக்காய்ச்சல் ஊசி வருசா வருசம் போடணும் எண்டார். எங்கட பக்கம் மாரிக்கு வளவெல்லாம் வெள்ளம், எலி மூத்திரம் கலந்த தண்ணிலதான் பிறவுனி விளையாடும், அதால அத மட்டும் விடுறதில்ல. கேக்காட்டி எல்லாத்துக்கும் சேத்துக் குடுத்திருப்பன்.

விசர்நாய் ஊசிக்கு சல்லியே இல்ல. அரசாங்கம் சும்மாதான் போடுது, ஓட்டோல ஸ்பீக்கர் கட்டிட்டு வருவாங்க, அந்த நாளப் பிடிச்சாச் சரி. ஊசி போட்டதுக்குத் தாற அட்டைய அரிசிப் பெட்டிக்குள்ள வைங்கோ, இல்லாட்டி வெள்ளத்தோட போயிரும் (எங்கட முதல் அட்டை அப்பிடித்தான் போச்சு).

இனி உண்ணி. கதையே இதுதான். 2022ல சாமான் விலை ஏறின நேரம், மாசா மாசம் குடுக்கிற உண்ணிக் குளிசைய நிப்பாட்டிட்டு ஒரு கடைக்காரன் குடுத்த பவுடரப் பூசினன், அம்பது ரூவா மிச்சம் பிடிக்கிற புத்தி. ரெண்டு மாசத்தில பிறவுனி சோத்துக் கோப்பைய மணந்து பாத்திட்டு அப்பிடியே படுத்திட்டுது, பல்லு முரசு வெளிறிப் போய்க் கிடக்கு, விரல் இடுக்க விரிச்சுப் பாத்தா கொத்துக் கொத்தா, காதுக்குள்ள வேற. உண்ணிக் காய்ச்சல். ரத்தம் சோதிச்சு, டொக்ஸிசைக்கிளின் குளிசை 28 நாள், அதயும் வெறும் வயித்தில குடுத்தா சத்தி எடுக்கும், அதால சூடை மீன் தலைக்குள்ள ஒளிச்சு வைச்சுக் குடுத்தன். போய்வந்த ஓட்டோக்கூலியோட சேத்தா அந்த ஒரு மாசச் செலவு ஒரு வருசக் குளிசைய விடக் கூட, கொப்பில சிவப்புப் பேனையால எழுதிக் கிடக்கு.

அதுக்குப் பிறகுதான் விளங்கிச்சு, நாய்க்கு மட்டும் மருந்து குடுத்து வேலையில்ல. வயிறு ஊதின பொம்புள உண்ணி கீழ விழுந்து சுவர் வெடிப்புக்குள்ள போய் ஆயிரக்கணக்கில முட்டை போடும். விறாந்தைச் சுவர் வெடிப்பெல்லாம் சீமெந்து அடைச்சு, பழைய சாக்கு கட்டையெல்லாம் எரிச்சன், அதுக்கு ஒருக்காத்தான் செலவு. குளிசை இப்ப மூண்டு மாசத்துக்கு ஒண்டு குடுக்கிறது, விலையப் பாத்தா தலை சுத்தும், ஆனா மாசக் குளிசை மூண்டோட வைச்சுப் பாருங்கோ. நாய நிறுத்துப் பாத்து அதுட நிறைக்கு ஏத்த மாதிரி வாங்கணும். பெரிய நாய்ட குளிசைய வெட்டி ரெண்டு சின்ன நாய்க்குக் குடுக்கிற வேலை வேணாம், மருந்து துண்டுல சமனா இருக்குமெண்டு இல்ல.

வயித்துப் பூச்சிக் குளிசை மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, 10 கிலோவுக்கு ஒண்டு, பெரிய செலவில்ல.

ஓட்டோதான் ஒளிஞ்சு கிடக்கிற செலவு. பக்கத்து வீட்டு அக்காட ரெண்டு நாயையும் ஏத்திட்டு ஒரே நாள்ல போறம், கூலிய ரெண்டாப் பிரிக்கிறம், ஓட்டோக்காரர் சீட்டுக்கு உரப்பை விரிச்சுத்தான் ஏத்துவார்.

சல்லிக்கு ஒரு பால்மா ரின், மாசம் 1500 போடுறன். போன மாசம் காஸ் முடிஞ்சு அம்மா அதில கை வைச்சிட்டா. பிறவுனிக்குக் கடன் எண்டு கொப்பில எழுதி, அவட்ட கையெழுத்தும் வாங்கி வைச்சிரிக்கன்.