டீசல் ஊறிய மண்ணை அகற்றும் சேவை: பள்ளிகொண்டாவில் எங்கள் அனுபவம்

பள்ளிகொண்டா அருகே எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய லாரி ஷெட்டில் நிலத்தடி டீசல் டேங்க் ஒன்று இருந்தது. அது துருப்பிடித்துக் கசிந்தது, பக்கத்துத் தோட்டக் கிணற்று நீரில் வாடை வந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. பாலாற்றையொட்டிய மணற்பாங்கான மண்ணில் டீசல் விரைவாக இறங்கும்; நீரைவிட இலேசானதால் நிலத்தடி நீரின் மேல் படலமாக நிற்கும். எனவே மேல்மண்ணைச் சுரண்டுவதோடு நில்லாமல், சென்னை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம்.

ஆய்வில் குறை சொல்ல இடமில்லை. நான்கு இடங்களில் நீர்மட்டம் வரை துளையிட்டு, ஒவ்வோர் ஆழத்திலும் மண்ணைத் தனித்தனியே எடுத்து, கண்ணாடிக் குப்பிகளில் காற்றிடைவெளி இல்லாமல் நிரப்பி, உடனே ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். எண்ணெயின் இலேசான சேர்மங்கள் ஆவியாகிவிடும் என்பதால், பாலிதீன் பையில் வெயிலில் கிடந்த மண்ணுக்கு வரும் அறிக்கை நல்ல சேதியாகத்தான் இருக்கும். அதை நம்ப முடியாது.

அகற்றும் வேலையில்தான் சிக்கல். தோண்டிய மண்ணை டிப்பரில் ஏற்றியபோது எங்கே போகிறது என்று கேட்டேன். "செங்கல் சூளைக்கு, சார். கவலைப்படாதீங்க" என்றார் மேற்பார்வையாளர். வண்டியை நிறுத்தச் சொன்னேன். அபாயகரமான கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகைய கழிவு, எங்கிருந்து எங்கே போகிறது என்பதைப் பதியும் படிவம் 10 உடன், கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அனுமதி பெற்ற கழிவு மையத்துக்கே செல்ல வேண்டும். இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாசடைந்த தளங்களுக்கான 2025ஆம் ஆண்டு விதிகளைத் தங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் நிறுவனம், மதிப்பீட்டில் கழிவு மையக் கட்டணத்துக்கென்று ஒரு வரிகூடச் சேர்த்திருக்கவில்லை. பதினெட்டு நாள் மண் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. கூடுதல் தொகையும் கட்டினோம்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் வலியுறுத்தியது, தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான். 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு ராணிப்பேட்டையில் மேடாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் டேங்க் கசிந்த செலவு எங்களுடையது என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அந்த மண் இன்னொருவர் சூளைக்குப் போவதைத்தான் ஏற்க முடியவில்லை.

குழியின் அடியையும் பக்கச் சுவர்களையும் மறுபடி சோதிக்காமலே கிராவல் கொட்டி மூடவும் முனைந்தார்கள். வற்புறுத்தியதும் சோதித்தார்கள்; வடக்குச் சுவரில் எண்ணெய் இருந்ததால் மேலும் இரண்டடி வெட்ட நேர்ந்தது.

ஆய்வுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், அகற்றலுக்கு இரண்டு. இவர்களைப் போன்றவர்களை அமர்த்துவோர், முன்பணம் கொடுக்குமுன் மண் சேருமிடம், படிவம் 10இன் நகல், குழிச் சோதனை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கிணற்று நீரைத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று அவர்களுடைய அறிக்கையே சொல்கிறது. அதற்கான கட்டணமும் எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.