அரிசோனா மணலோடையில் சிறு வெள்ளத் தடுப்பணை: பல மழைக்காலம் பார்த்த பிறகு

சொனோரன் பாலைவன ஓடைகள் ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல்தான். பருவமழைக் காலத்தில் (அமெரிக்க வானிலைத் துறைக் கணக்கில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை) மலைப்பக்கம் ஓர் இடிமழை கொட்டினால் போதும், சுள்ளியும் சேறுமாக வெள்ளம் பாய்ந்து சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அந்த வேகத்தை மட்டுப்படுத்தத்தான் இந்த மண் அணை. அணைக்கு அடியில் நீரை வெளியே விடும் மதகுக் குழாயில் வால்வு போட்டு மூடி நீர் சேர்க்க ஆசைப்படாதீர்கள். மறுநாள் மழைக்கு அணையில் இடமிருக்காது. அரிசோனாவின் மாரிகோப்பா கவுண்டியில் (மாவட்டம் போன்றது) மழைநீர்த் தேக்கங்கள் 36 மணி நேரத்துக்குள் வடிய வேண்டும் என்றே விதி இருக்கிறது. கொசுவும் காரணம்.

இத்தனை பருவம் பார்த்ததில், அணையின் மண்கரையை வெள்ளத்தைவிட வெயில்தான் அதிகம் கெடுக்கிறது. களிமண் கலந்த கரை மாதக்கணக்கில் காய்ந்து குறுக்கே வெடிக்கும். மேலே விரல் நுழையும் அளவு தெரிகிற வெடிப்பு உள்ளே ஆளுயரம் இறங்கியிருக்கலாம். மண்ணை அள்ளி மேலாகத் தூர்ப்பது வீண். முதல் வெள்ளமே அதைக் கரைத்து வழி எடுத்துக்கொள்ளும். அடி தெரியும்வரை தோண்டுங்கள். ஈரம் பிடித்த மண்ணை 6 முதல் 8 அங்குல அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். காய்ந்த மண்ணை எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது. தண்ணீர் லாரிச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடிப்பு ஆழமாகத் திரும்பத் திரும்ப வந்தால் கரை நடுவே நீளவாக்கில் மணல் வடிகட்டிதான் தீர்வு. சுத்தமான மணலில் வெடிப்பு நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். கரைந்து வரும் மண்ணையும் பிடித்துவைக்கும்.

அடுத்த பலவீனம் மதகுக் குழாயின் வெளிப்புறம். குழாயின் அடிவளைவில் மண் சரியாக இறுகாது. நீர் அங்கே ஒட்டிக் கசிந்து மண்ணை அரிக்கும். குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் கட்டுவது பழைய முறை. வளையத்தருகே மண்ணை இறுக்குவது இன்னும் சிரமம். கரையின் வெளிப்பாதியில் குழாயைச் சூழ மணல் வடிகட்டி வைப்பதையே நான் சொல்வேன். வெளிமுனையில் கலங்கல் நீர் கசிந்தால் அன்றே கவனிக்க வேண்டும்.

மெஸ்கீட், பாலோ வெர்டே மரங்களின் சுள்ளிகளும் உருண்டு வரும் காய்ந்த முட்செடிகளும் குழாய் வாயை அடைக்கும். அதைத் தடுக்க வாயில் பொருத்தும் கம்பிக்கூண்டின் திறப்புப் பரப்பு குழாய் வாயைப்போல் நாலு மடங்காவது இருக்கட்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் அதைச் சுத்தம் செய்யுங்கள். கரையில் முளைக்கும் மெஸ்கீட்டைக் கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். வளரவிட்டால் வேர் பட்டுப்போய் நீருக்குச் சுரங்கமாகும். தரை அணில் வளைகளும் அப்படியே.

கலுங்கை (அணை நிரம்பினால் மிகைநீர் வழிந்தோடும் வழி) எப்போதும் ஓரத்து இயற்கைத் தரையில் வெட்டுங்கள், கொட்டிய மண்ணின்மேல் வேண்டாம்.

அரிசோனா சட்டப்படி 6 அடிக்குக் குறைந்த உயரமுள்ள தடுப்பும், 15 ஏக்கர் அடி (சுமார் 18,500 கன மீட்டர்) அல்லது அதற்குக் குறைவாகத் தேக்குவதும் மாநில அணைப் பாதுகாப்பு வரம்புக்குள் வராது. கவுண்டி அனுமதி தனி.

வண்டலை அள்ளும்போது கரையடியை ஒட்டி ஓடையின் பழைய மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அங்கே மூடிக்கிடக்கும் மணல் அடுக்கு திறந்துகொண்டால் அடுத்த வெள்ளத்தில் நீர் கரைக்கு அடியிலேயே புகுந்து மறுபக்கம் ஊறும்.