காப்புரிமைத் தேடல்: இலவசத் தளங்களில் எது எதற்கு உதவும்?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கழியைத் தாங்க ஒரு கருவி. மழைத்துளி பட்டதும் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இதற்குக் காப்புரிமை கேட்க நினைப்பவர் முன் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. உலகில் எங்காவது இது ஏற்கெனவே வெளிவந்திருக்கிறதா? சிங்கப்பூரில் விற்றால் வேறொருவர் உரிமை குறுக்கே வருமா? முதல் கேள்விக்கு நன்றாக உதவும் தளம் இரண்டாவதற்குப் போதாது. இரண்டையும் ஒரே தேடலில் முடிக்கப் பார்ப்பதால்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

தொடங்க கூகுள் பேட்டன்ட்ஸே வசதி. நூற்றுக்கும் அதிகமான நாடுகளின் ஆவணங்கள் இருக்கின்றன. சீன, ஜப்பானிய ஆவணங்களை எந்திர மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலேயே தேடலாம். ஆனால் அங்கே 'லாண்ட்ரி ராக்' என்று தட்டச்சு செய்து ஒன்றும் வரவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது. ஒருவர் 'ஏரர்' என்பார், இன்னொருவர் 'கார்மென்ட் சப்போர்ட்' என்பார். பாதுகாப்பு அகலமாக இருக்க வேண்டும் என்றே விண்ணப்பங்களில் பொதுவான சொற்களைப் போடுவார்கள். எந்திர மொழிபெயர்ப்பு வேறொரு சொல்லைத் தரும். பழைய ஆவணங்கள் ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் ஓட்டப்பட்டவை, அதில் எழுத்துகள் சிதைந்திருக்கும். முதல் பக்கத்தில் 'ஆக்டிவ்' என்று இருப்பதையும் முடிவாகக் கொள்ள முடியாது. அது அனுமானம் மட்டுமே, சட்ட முடிவு அல்ல என்று அந்தத் தளமே குறிப்பு போட்டிருக்கிறது.

சொல் தோற்கும் இடத்தில் வகைக் குறி கைகொடுக்கும். இதில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட் மிகவும் உதவும். கூகுளில் கிடைத்த மூன்று நான்கு நெருக்கமான ஆவணங்களைத் திறந்து, அவற்றுக்குப் பொதுவான சிபிசி குறியைப் பாருங்கள்; கண்டுபிடிப்புகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டுக் குறி அது. நம் கருவிக்கு அது டி06எஃப் 57 என்ற தொகுதியில் வரும்: துணி உலர்த்தும் தாங்கிகள், வெறும் கொடிக்கயிறு நீங்கலாக. எஸ்பாஸ்நெட்டில் அந்தக் குறியைக் கொடுத்து, முடிவுகளைப் படங்கள் மட்டும் தெரியும்படி மாற்றிவிடுங்கள். இயந்திரப் பொருளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. தலைப்பைப் படிக்காமலே நூற்றுக்கணக்கான வரைபடங்களைக் கண்ணால் ஓட்டிவிடலாம். சீனாவின் பயன்பாட்டு மாதிரிகள் (காப்புரிமையைப் போன்ற குறுகிய கால உரிமைகள்) இதில் ஏராளமாக வரும். அவை அந்த நாட்டில் மட்டும், 10 ஆண்டுகள்தான் செல்லும் என்றாலும் ஒதுக்கிவிடாதீர்கள். முன்பே வெளிவந்தது எந்த நாட்டில் என்றாலும் உங்கள் புதுமையைக் கெடுக்கும்.

எஸ்பாஸ்நெட்டின் குறை வேறிடத்தில். பல நாடுகளின் ஆவணங்களுக்கு முழு உரை கிடையாது, சுருக்கமும் தலைப்பு, தேதி போன்ற அடிப்படை விவரங்களும்தான். சட்ட நிலைப் பதிவுகள் அந்தந்த நாடு அனுப்பினால்தான் ஏறும். ஆனாலும் ஒரே கண்டுபிடிப்பு எந்தெந்த நாடுகளில் தாக்கலானது என்று காட்டும் 'குடும்ப'ப் பட்டியலுக்காகவே அங்கே போகலாம். அதில் சிங்கப்பூரைக் குறிக்கும் எஸ்ஜி இருக்கிறதா என்று பாருங்கள்.

உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பில் பிசிடி விண்ணப்பங்கள் (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பாதுகாப்புக் கோர வழிசெய்யும் உடன்படிக்கையின் கீழ் தாக்கலாகுபவை) வாராவாரம் வியாழக்கிழமை வெளியாகின்றன. ஒரே தேடலைப் பல மொழிகளில் விரித்துத் தரும் வசதி அங்கே அருமை. ஆனால் அவற்றின் மீதுள்ள 'டபிள்யூஓ' என்று தொடங்கும் எண்ணைப் பார்த்து உலகக் காப்புரிமை என்று மிரள வேண்டாம். அப்படி ஒன்றே இல்லை. அது விண்ணப்பம் மட்டும். முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதன்முதலில் விண்ணப்பம் தாக்கலான தேதியிலிருந்து, 30 மாதம் வரை அது சிங்கப்பூருக்குள் நுழையலாம் என்பதால், இன்று எஸ்ஜி ஆவணம் இல்லை என்பது நாளையும் இருக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது கேள்விக்குச் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும். எஸ்பாஸ்நெட்டில் கிடைத்த விண்ணப்ப எண்ணோடு போங்கள். 10 என்று தொடங்கினால் இங்கே நேரடியாகத் தாக்கலானது, 11 என்றால் பிசிடி வழியாக வந்தது. வழங்கப்பட்டதா, புதுப்பிக்கப்பட்டதா என்பது அங்கேதான் தெரியும். நான்காம் ஆண்டு முடிவிலிருந்து வருடா வருடம் கட்டணம் கட்டாவிட்டால் உரிமை விழுந்துவிடும். நிலுவைக் கட்டணம் செலுத்தவும் அவகாசம் உண்டு; காலாவதி என்று கண்டவுடனே உற்பத்தியைத் தொடங்கிவிடாதீர்கள். பெயரை வைத்துத் தேடினால் கவனம்: நம்மவர் பெயர்களில் தந்தை பெயர் ஒரு பதிவில் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் முதலெழுத்தாகவும் நிற்கும். எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

எந்தத் தளமும் காட்டாதது, இன்னும் வெளியாகாத விண்ணப்பங்கள். முன்னுரிமைத் தேதியிலிருந்து 18 மாதம் அவை மறைந்தே இருக்கும். எனவே விற்பனைக்கு முன் அதே குறியில் மீண்டும் தேட வேண்டும். தேடிய தேதியையும் சொற்களையும் எழுதி வைத்திருந்தால் இரண்டாம் முறை அரை வேலைதான். கழித்தாங்கியின் தோற்றத்தை மட்டும் யாராவது வடிவமைப்பாகப் பதிந்திருந்தால் அது காப்புரிமைத் தேடலில் வராது. வடிவமைப்புப் பதிவேட்டைத் தனியே பார்க்க வேண்டும்.