துபாயில் சிறப்பாசிரியர் வேலை என்று சொல்லி 1,85,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணோடு வளைகுடாவில் வேலை தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். போன வாரம்தான் துபாயிலிருந்து திரும்பினேன். 1,85,000 ரூபாய் போய்விட்டது. அதில் பாதிக்கு மேல் அம்மாவின் நகையை அடகு வைத்த பணம்.

சென்னையில் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்பு கன்சல்டன்சி. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. பொதுவாக ஏஜென்ட்டுகளிடம் 'ஸ்பெஷல் எஜுகேட்டர்' என்றாலே விழிப்பார்கள். இந்த ஆள் அப்படி இல்லை. என் ஃபைலை வாங்கி நிதானமாகப் புரட்டினார். ஒரு பையனுக்காக நான் எழுதியிருந்த ஐ.இ.பி.யை, அதாவது அவனுக்கென்றே போட்ட தனிக் கல்வித் திட்டத்தைப் படித்துவிட்டு, "மூன்று மாத இலக்கு போட்டிருக்கிறீர்களே, அவன் எட்டிவிட்டானா?" என்று கேட்டார். பேச்சு வராத பிள்ளைகள் காட்டிக் கேட்பதற்காக நானே வெட்டி, லேமினேட் செய்து, வெல்க்ரோ ஒட்டிய பட அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். 'தண்ணீர்', 'போதும்', 'வலிக்கிறது'. "என் அக்கா பையனுக்கும் ஆட்டிசம்தான் மேடம். உங்களை மாதிரி ஒரு டீச்சர் கிடைக்காமல்தான் அக்கா கஷ்டப்படுகிறாள்" என்றார்.

அந்த இடத்தில்தான் நம்பினேன். "அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கிறீங்களா, பாவம்" என்பதைத் தாண்டி இந்த வேலையைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதில்லை. ஒருவர் விஷயம் தெரிந்து கேள்வி கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்தத் தூண்டிலைப் போட்டிருக்கிறான்.

துபாயில் தனியார் பள்ளி, மாதம் 5,000 திர்ஹாம், தங்குமிடம் இலவசம் என்று ஆஃபர் லெட்டர் வந்தது. அட்டெஸ்டேஷன், விசா, ப்ராசஸிங் என்று பிரித்துப் பிரித்து மொத்தம் 1,85,000 ரூபாய் வாங்கினார்கள். சான்றிதழ்களுக்குத் தமிழக அரசு, வெளியுறவு அமைச்சகம், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஆகும் செலவு இதில் ஒரு சின்னப் பகுதி.

விமானத்துக்கு முந்தைய இரவுதான் விசாவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். பார்த்தால் விசிட் விசா! "எல்லாருக்குமே முதலில் இப்படித்தான் மேடம், அங்கே போனதும் மாற்றிவிடுவார்கள்" என்றான்.

அங்கே பள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஷார்ஜாவில் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும். வில்லா ஒன்றில் நடக்கும் தெரபி சென்டரிலிருந்து வீடு வீடாக அனுப்பினார்கள். விசா மாறிய பிறகுதான் சம்பளமாம். அல் குசைஸில் ஒரு வீட்டில் ஏழு வயதுப் பையன். என்னைப் பார்த்ததும் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான், பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "நீங்களும் போய்விடுவீர்களா?" என்று அவன் அம்மா கேட்டார். எனக்கு முன்னால் வந்தவர்களும் இதே விசிட் விசாக்காரர்கள்தான். பழகிய முகம் மாறினாலே தவித்துப்போகிற குழந்தைக்கு, விசா முடிய முடிய ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் மணிக்கணக்கில் கட்டணமும் வாங்குகிறார்கள். என் பணத்தைக்கூட விடுங்கள், இதை எப்படி மன்னிப்பது?

விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே சட்ட விரோதம். சொந்தச் செலவில் டிக்கெட் போட்டுத் திரும்பினேன்.

கன்சல்டன்சியில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ப்ராசஸில் இருக்கிறது மேடம்" என்றார்கள். அப்புறம் "அங்கே லீவு". அப்புறம் "சார் மீட்டிங்கில் இருக்கிறார்". அப்புறம் நீல டிக் மட்டும். நேரில் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள், சார் வரவே இல்லை. கடைசியில் போனில் கிடைத்தவன் சொன்னது: "நீங்களாகத்தானே மேடம் வேலையை விட்டு வந்தீர்கள்? சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கிடையாது, ரசீதின் பின்பக்கம் படியுங்கள்." 1,85,000 ரூபாய்க்கு அவ்வளவுதான் பதில்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். ஏஜென்ட்டின் உரிம எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ஜி.எஸ்.டி. சான்றிதழ் உரிமம் ஆகாது. பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர சர்வீஸ் சார்ஜ் வாங்கக் கூடாது. எமிரேட்ஸின் 2021 தொழிலாளர் சட்டப்படி ஆள் எடுக்கும் செலவு முதலாளியுடையது. விசிட் விசா என்றால் விமானம் ஏறாதீர்கள். பள்ளியின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து, அந்த வேலை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் இன்றைக்கும் 'சிறப்பாசிரியர்கள் உடனடித் தேவை' என்று ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். இதே மாதிரி பணம் கட்டியவர்கள் ரசீதோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போவோம்.