டைலை அல்ல, சுவரை எண்ணி வாங்குங்கள்: குழந்தையோடு ஆட டேபிள்டாப் டெரெய்ன்

டேபிள்டாப் டெரெய்ன் என்பது மேசை மேல் ஆடும் கதை ஆட்டத்துக்காகத் தரை டைலும் சுவரும் சேர்த்துக் கட்டும் குட்டி அறைகள். அதன் பெட்டி மேல் இருக்கும் படத்தில் ஐந்தாறு அறைகள், வளைந்து போகும் நடைபாதை, நடுவில் ஒரு கிணறு எல்லாம் இருக்கும். பிரித்துக் கட்ட உட்கார்ந்தால் இரண்டாவது அறையிலேயே சுவர் தீர்ந்துவிடும். டெரெய்ன் வாங்குபவர்களின் முதல் ஏமாற்றம் பெரும்பாலும் இதுதான். கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பெரும்பாலான செட்டுகளில் டைல் மேல் உள்ள ஒரு கட்டம் ஒரு இன்ச். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற கதை ஆட்டத்தில் அது கதைக்குள் ஐந்து அடி. ஆளாக நகர்த்தும் சாதாரண மினியேச்சர் பொம்மையின் அடித்தட்டு 25 மி.மீ., ஆக கட்டத்துக்கு ஒரு ஆள். இரண்டு இன்ச் சதுர டைலில் ஆறு இன்ச் அறை கட்ட 9 டைல் போதும்; சுற்றி அடைக்க இரண்டு இன்ச் சுவர் 12 வேண்டும். அதையே 12க்கு 6 இன்ச் கூடமாக நீட்டினால் 18 டைலுக்கு 18 சுவர். அறை சிறுக்கச் சிறுக்கச் சுவர் அதிகம் தின்னும். பிள்ளைகளோ சின்ன அறைகளைத்தான் கேட்பார்கள்: இது ஜெயில், இது புதையல் ரூம், இங்கேதான் பூதம் தூங்குது. ஆறு இன்ச் அறை இரண்டு, நாலுக்கு ஆறு இன்ச்சில் ஒன்று, இடையே ஆறு இன்ச் நடைபாதை இரண்டு என்று வைத்தால் 30 டைல், 42 சுவர், 4 வாசல் ஆகும். ஒரு மாலை ஆட்டத்துக்கு இது தாராளம். பெட்டியில் டைலும் சுவரும் சம எண்ணிக்கையில் இருந்தால் பற்றாக்குறை நிச்சயம்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. குழந்தை உட்காரும் பக்கம் சுவரே வைக்காதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் எதிரே உள்ள இரண்டு பக்கங்களில் மட்டும் சுவர் போதும். சுவர்ச் செலவு கிட்டத்தட்டப் பாதியாகும், உள்ளே நிற்பதும் தெரியும். இரண்டு இன்ச் உயரச் சுவர் படம் எடுக்க அழகு. ஆனால் மேசை விளிம்புக்குச் சற்று மேலே கண் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் மதில். எட்டி ஆளை நகர்த்தும்போது முழங்கை பட்டு எல்லாம் சரியும். அரை இன்ச் முதல் ஒரு இன்ச் வரை உள்ள குட்டைச் சுவர் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். டைலோடு சுவர் ஒட்டியே வருகிற வகையில் இன்னொரு சிக்கல்: சுவரின் தடிமன் கட்டத்தைக் கடித்துக்கொள்வதால் 25 மி.மீ. அடித்தட்டு ஓரக்கட்டத்தில் உட்காராமல் போகலாம்.

அடுத்தது, டைலோடு டைலை இணைக்கும் கிளிப். சுவர் போதாவிட்டால் புத்தகத்தை நிறுத்திச் சமாளிக்கலாம். கிளிப் சரியில்லாவிட்டால் செட்டே பரணுக்குப் போய்விடும். விஸ்கிட்ஸின் வார்லாக் டைல்களும், வீட்டில் 3டி பிரின்டரில் அச்சடிக்கும் ஓப்பன்லாக் டைல்களும் கிளிப் போட்டு இணைப்பவை. பக்கவாட்டில் செருகும் கிளிப்பை நேராக இழுத்தே எடுக்க வேண்டும். பிள்ளைகள் பிஸ்கட் உடைப்பதுபோல் டைலை மேல்நோக்கி மடக்குவார்கள். கிளிப்பின் மெல்லிய கை அங்கேதான் ஒடியும். எல்லா மூட்டுக்கும் கிளிப் போட வேண்டும் என்பதும் இல்லை. அறையின் நான்கு மூலையிலும் நடைபாதை சேரும் இடத்திலும் போட்டுவிட்டு, அடியில் அலமாரித் தட்டில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பைப் போட்டால் மற்றவை அசையாது. கட்டும் நேரம் பாதியாகக் குறையும். கட்டி முடிப்பதற்குள் பிள்ளைக்கு ஆடும் ஆசையே போய்விடுகிற ஆபத்தும் குறையும்.

பொருள் விஷயத்தில் எங்கள் தீர்ப்பு வயதைப் பொறுத்தது. எட்டு வயதுக்குக் கீழே என்றால் அட்டை. பேட்டில் சிஸ்டம்ஸ் போன்றவை படம் அச்சிட்ட கெட்டி அட்டையில் வருகின்றன. வண்ணம் பூச வேண்டாம், காலில் விழுந்தாலும் அடிபடாது. துண்டுகளை அட்டைத் தாளிலிருந்து கையால் பிய்த்தால் அச்சிட்ட மேல்தாள் உரியும். முதலில் பின்பக்கமிருந்து, ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளிகளைக் கத்தியால் அறுத்துவிட வேண்டும். அது பெரியவர் வேலை. கிளிப் மாட்டுகிற விளிம்பில் வெள்ளைப் பசையை விரலால் மெல்லிசாகத் தடவிக் காயவிட்டால், அட்டை ஏடு ஏடாகப் பிரிவதைத் தள்ளிப்போடலாம்.

எட்டுக்கு மேல் பிளாஸ்டிக். 1996இல் தொடங்கிய ட்வார்வன் ஃபோர்ஜ் கம்பெனி முதலில் ரெசினில் (அச்சில் வார்த்து இறுகும் பிசின்) செய்தது; 2013இல் கூட்டுநிதி திரட்டி ட்வார்வனைட் என்ற உறுதியான பிளாஸ்டிக்குக்கு மாறியது. பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்த மாற்றம் பெரிய விஷயம், ஏனென்றால் ரெசின் தரையில் விழுந்தால் முனை சிதறும். வண்ணம் பூசாத செட் வாங்கினால் பூசுவதே ஒரு வார விளையாட்டு: சோப்புத் தண்ணீரில் கழுவி, அடர் சாம்பல் அக்ரிலிக்கை முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். பிறகு வெளிர் சாம்பலைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கல்லின் மேடுகளில் மட்டும் தேய்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலை பிள்ளைகளுக்கு நன்றாக வரும். மென்மையான பிளாஸ்டிக்கில் ஸ்பிரே பெயின்ட் வேண்டாம். சில ஸ்பிரேக்கள் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

3டி பிரின்டர் கையில் இருந்தால் சுவர்ப் பஞ்சம் தீரும். அச்சாகும் ஒவ்வொரு அடுக்கின் உயரம் 0.2 மி.மீ., உள்ளே நிரப்பும் அளவு 10 முதல் 15 சதவீதம் போதும். முதல் அடுக்கு பிதுங்கி நின்றால் டைல்கள் ஒட்டி உட்காராது, அதைச் சீவிவிடுங்கள். கிளிப்பை மட்டும் படுக்கை வாக்கில், முடிந்தால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சடியுங்கள். வழக்கமான பிஎல்ஏ இழையை விட வளைந்து கொடுக்கும். பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், வெயிலில் நிற்கும் காரில் பெட்டியை வைக்கக் கூடாது.

இரண்டு கம்பெனி செட்டைக் கலக்க நினைத்தால் ஸ்கேலை எடுங்கள். இரண்டு இன்ச் என்பது 50.8 மி.மீ. 50 மி.மீ. டைலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனால் பத்தாவது டைலில் 8 மி.மீ. விலகல், கிளிப் துளை எதிரெதிரே வராது.

காந்தம் பதித்த டைலைச் சின்னப் பிள்ளை புழங்கும் வீட்டுக்கு வாங்காதீர்கள். பசை விட்டுக் கழன்ற காந்தம் இரண்டை விழுங்கினால், குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஒவ்வொரு காந்தத்தையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள்; ஆடுகிற டைல் அன்றே பெட்டியை விட்டு வெளியேற வேண்டும்.